களை பிடுங்கிய இடத்தில் சந்தனம் நிற்காது

2010ஆம் ஆண்டு ஐப்பசியில், முதல் மழை விழுந்த கையோடு எங்கள் வளவில் ஏழு சந்தனக் கன்றுகள் நட்டேன். அடுத்த ஆடி பிறப்பதற்குள் ஆறு போய்விட்டன. மூன்றைத் தை மாத வெள்ளம் தின்றது. மற்ற மூன்றும் என் கையாலேயே போயின. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி, பசளை இட்டு, சுற்றிவர ஒரு புல் இல்லாமல் செருக்கி வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் "தோட்டம் என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பங்குனி வெயிலில் இலைகள் மஞ்சளித்தன. சித்திரையில் நுனி கருகியது. வைகாசிச் சடங்குக்கு அம்மன் கோயில் கதவு திறந்த கிழமையில், கடைசிக் கன்றையும் பிடுங்கி வேலிக்கு வெளியே போட்டேன்.

ஏழாவது கன்று மட்டும் பிழைத்தது. அது ஏன் பிழைத்தது என்று எனக்கு விளங்க ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. வீட்டு வளவில் சந்தனம் நட ஆசைப்பட்டு என்னிடம் கேட்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நான் செய்த அதே பிழையைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையிலிருந்து இன்னும் உள்ளே. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். வீட்டோடு அம்மியும் குழவியும் போவதுபோல, எங்கள் குடும்பத்தில் ஒரு சந்தனக்கல்லும் தாயிடமிருந்து மகளுக்கு வந்துகொண்டிருக்கிறது. இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து விரித்த அகலம். தலைமுறை தலைமுறையாக இழைத்ததில் நடுவே குழிந்துபோயிருக்கிறது. 1978 கார்த்திகைச் சூறாவளியில் எங்கள் கூரை முழுதாகப் பறந்தது. எனக்கு அப்போது பத்து வயது. விடிந்ததும், சரிந்து கிடந்த கிடுகுக்குள் கையை விட்டு அம்மம்மா முதலில் தேடி எடுத்தது அந்தக் கல்லைத்தான். அடுத்துத் தேடியது, சீலைத் துண்டில் சுற்றித் தகரப் பேணிக்குள் வைத்திருந்த சந்தனக் கட்டையை.

அம்மம்மா சந்தனம் இழைப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த மரத்தின்மேல் எனக்கு ஆசை வந்தது. கல்லைக் கழுவிச் சாய்த்து வைத்து ஈரம் வடிய விடுவார். பிறகு மூன்று விரலால் நாலு துளி தண்ணீர் தெளிப்பார். கட்டையின் வெட்டுமுகம் முழுவதும் கல்லில் படும்படி நிமிர்த்திப் பிடித்து, ஒரே பக்கமாக வட்டம் போடுவார். முதலில் கரகரவென்று கேட்கும். நூறு சுற்றுக்குள் அந்தச் சத்தம் அடங்கி, கட்டை வழுக்கத் தொடங்கும். கல்லின் ஓரத்தில் வெண்ணெய்போல ஒன்று ஒதுங்கும். பாலாடையில் ஒரு துளி மஞ்சள் கலந்த நிறம். "அவசரப்படாதே மகள், வேகமாக இழைத்தால் கட்டை சூடாகும், சூடானால் மணம் பறந்துவிடும்" என்பார். சுண்டுவிரல் நுனியளவு சந்தனம் எடுக்கக் கால் மணித்தியாலம் ஆகும். அந்தச் சந்தனம் மூக்கில் வந்து மோதாது. நெற்றியில் காய்ந்து, மாலையில் முகம் கழுவும்போது மறுபடி மெல்ல எழும்.

கண்ணகி அம்மன் சடங்கு முடிந்து குளிர்த்தி பாடும் நாளுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு சிரட்டை சந்தனம் போகும். அதற்கு மூன்று நாள் முன்பே பெண்கள் முறைவைத்து இழைப்பார்கள். வெயில் கொதிக்கிற மாதத்தில் அம்மனைக் குளிரப்பண்ணுகிற சடங்கு அது. மஞ்சளும் வேப்பிலையும் சந்தனமும் அதனோடு வந்தவை. கலியாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில் இருக்கிற கிண்ணம் யாருக்கும் தெரிந்ததே. வேர்க்குருவுக்கு இரவில் பூசி விடுவார்கள். செத்த வீட்டில், சிதையில் வைப்பதற்கென்று கட்டையிலிருந்து ஒரு சீவல் சீவிக் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். பிறந்ததிலிருந்து போவது வரைக்கும் ஒரு கட்டை கூடவே வந்தது.

அந்தக் கட்டை தேய்ந்து தேய்ந்து ஒரு பாக்களவாகி, என் மூத்த மகள் பெரியபிள்ளையான வருடத்தில் முடிந்துபோனது. கடையில் ஒன்று வாங்கினேன். பெட்டியைத் திறந்தவுடன் வீடு முழுக்க மணந்தது. கல்லில் வைத்து இழைத்தால் பத்துச் சுற்றோடு மணம் போய், வெறும் வெள்ளைப் பால்தான் வந்தது. ஏதோ ஒரு வெள்ளை மரத்தில் வாசனை எண்ணெய் தடவி விற்றிருக்கிறார்கள். கல்லைத் திரும்பத் திரும்பக் கழுவினேன். அம்மம்மாவின் கல்லில் அதை வைத்தது எனக்குப் பொறுக்கவில்லை. நாமே ஒரு மரம் வைத்தால் என்ன என்ற எண்ணம் அன்றைக்குத்தான் வந்தது.

கன்றுகள் வெலிமடையிலிருந்து வந்தன. அந்தப் பக்கத்து மலைச்சரிவுகளில் சந்தனம் தானாகவே முளைத்து நிற்கும். என் கணவருடன் படிப்பித்த ஓர் ஆசிரியர் அங்கே இருந்தார். அவர் ஏழு பைகளை ஒரு பெட்டியில் அடுக்கி, பதுளையிலிருந்து செங்கலடிக்கு இறங்கும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். ஒவ்வொரு பையிலும் சந்தனக் கன்றோடு பொன்னாங்காணி அடர்ந்து கிடந்தது. மலைநாட்டில் பையைக்கூடத் துப்புரவாக வைத்திருக்க மாட்டார்களா என்று நினைத்துக்கொண்டு, ஆறு பையிலிருந்தும் அதைப் பிடுங்கி எடுத்து அன்று மத்தியானம் வறை செய்தேன். ஏழாவது பை கிழிந்து, கன்றும் வாடிக் கிடந்தது. அது பிழைக்காது என்று நினைத்து, கீரையோடு சேர்த்து அப்படியே வேலி மூலையில் ஒரு குழி தோண்டி வைத்துவிட்டு மறந்துபோனேன்.

2011 தை வெள்ளம் மட்டக்களப்பு, அம்பாறைக்காரர் யாருக்கும் மறக்காது. எங்கள் வளவின் வயல் பக்கத்துத் தாழ்வில் கிழமைக்கணக்கில் தண்ணீர் நின்றது. அங்கே நட்ட மூன்றும் வேரழுகிப் போயின. சந்தனம் வறட்சியைத் தாங்கும். நிற்கிற தண்ணீரைத் தாங்காது. வாவிக்கரையோ வயலோரமோ என்றால் நடவே வேண்டாம். மாரியில் மழை விட்ட மறுநாள் வளவைச் சுற்றி நடந்து பாருங்கள். கால் புதைகிற இடத்தை விட்டுவிட்டு, மணலோ கல்லோ கலந்து தண்ணீர் வடிகிற மேட்டில் மட்டும் குழி தோண்டுங்கள்.

மேட்டில் நட்ட மூன்றின் கதையைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அடுத்த வருடம் வேலியில் ஊன்றித் தழைக்கவிட்ட கதியால்களை மாற்றப்போனபோது, நாயுருவியும் தொட்டாற்சுருங்கியும் மண்டிக்கிடந்த மூலையில், என் தோள் உயரத்துக்கு ஒரு செடி நின்றது. இலைகள் எதிரெதிராக, மேலே மினுக்கமாக, அடியில் வெளிறி இருந்தன. ஏழாவது கன்று! ஒரு கை தண்ணீர்கூட நான் அதற்கு ஊற்றியதில்லை. பக்கத்துக் கிளிசரிடியாக் கதியாலைப் பிடுங்க மண்ணைக் கிளறினேன். கதியாலின் வேரோடு ஒட்டி இன்னொரு மெல்லிய வேர் ஓடியது. அந்த மெல்லிய வேரிலிருந்து, பயற்றம்பருப்பு அளவில், வெளிறிய சின்னச் சின்னக் குமிழ்கள் கிளிசரிடியா வேரைக் கவ்விக்கொண்டிருந்தன. நகத்தால் ஒன்றை மெல்ல நெம்பினேன். எளிதில் விடவில்லை. கழன்ற இடத்தில் கிளிசரிடியா வேரின் தோலில் ஊசிமுனைபோல ஒரு துளை இருந்தது. மண்ணில் முழங்கால் ஊன்றியபடி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு வெலிமடை ஆசிரியருக்குத் தொலைபேசி எடுத்தேன். சந்தனம் பாதி ஒட்டுண்ணி என்று அவர் விளங்கப்படுத்தினார். இலை பச்சையாக இருப்பதால் தன் உணவைத் தானே சமைத்துக்கொள்ளும். ஆனால் தண்ணீரையும் மண்ணின் சத்துகளையும் வேண்டிய அளவு உறிஞ்ச அதன் வேருக்குப் பலம் போதாது. அதனால் பக்கத்தில் இருக்கிற செடியின் வேரில் உறிஞ்சுறுப்பைப் பதித்து எடுத்துக்கொள்ளும். புல்லிலிருந்து பெருமரம் வரை 300க்கும் மேற்பட்ட இனங்களில் அது இப்படிப் பற்றிக்கொள்வதைக் கண்டிருக்கிறார்கள். "பையில் பொன்னாங்காணி வைத்தது அதற்குத்தான் தங்கச்சி, அதை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கன்றுகளின் தாய்ப்பாலை அல்லவா நான் பிடுங்கிச் சமைத்துத் தின்றிருக்கிறேன்!

2012 ஐப்பசியில் மறுபடி ஐந்து கன்றுகள் வைத்தேன். நாலு நின்றன. இந்த முறை செய்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

குழி தோண்டுவதற்கு ஆறேழு மாதம் முன்பே, நடப்போகிற இடத்துக்கு ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றர் தள்ளி கிளிசரிடியாவும் வேம்பும் ஊன்றி வேர்விடச் செய்தேன். சந்தனக் கன்றைப் பைக் கீரையோடு சேர்த்தே நட்டேன். குழியோரத்தில் நாலு துவரை விதையும் போட்டேன். துவரை ஒன்றிரண்டு வருடம் தாக்குப்பிடித்துச் சாகும்; அதற்குள் சந்தன வேர் தூரம் போய்ப் பெரிய மரத்தின் வேரைத் தேடிப் பிடித்துவிடும். அகத்தியும் நல்லது. வாவிக்குக் கிழக்கே, மணற்பாங்கான எழுவான்கரையில் இருப்பவர்களுக்குச் சவுக்கு கைகொடுக்கும். துணைமரம் சந்தனத்தை மூடி வளர்ந்தால் மட்டும் கிளையை வெட்டிவிட வேண்டும். கிளிசரிடியாவை எத்தனை தடவை வெட்டினாலும் தழைக்கும், வெட்டிய தழை பசளையுமாகும். களை உயர்ந்து கன்றை மறைத்தால் கத்தியால் தலையைச் சீவி விடுவேன். வேரோடு பிடுங்குவதில்லை. மண்வெட்டியை அந்தப் பக்கமே கொண்டுபோவதில்லை.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் சந்தன இலை நல்ல ருசி. ஐந்தாவது கன்று அப்படித்தான் போனது. படலை திறந்து கிடந்த ஒரு காலையில் பக்கத்து வீட்டு மறியாடு வந்து தண்டோடு கடித்துவிட்டது. முதல் மூன்று வருடம் முள்வேலியோ கம்பிக்கூடோ கட்டாயம் வேண்டும்.

பிழைக்காது என்று நினைத்த அந்த ஏழாவது மரத்தின் அடியில் இப்போது விதைக்குப் பஞ்சமில்லை. பூ மிகச் சிறியது. விரிகிறபோது வெளிர்மஞ்சளாக இருந்து, பின்னர் மெரூன் நிறத்துக்கு மாறும். பூவுக்கு மணமில்லை என்று பலர் ஏமாந்து போகிறார்கள். இந்த மரம் தன் மணத்தை எல்லாம் உள்ளே வைத்திருக்கிறது. பழம் நாவற்பழ நிறத்தில் பட்டாணி அளவு இருக்கும். குயிலும் கொண்டைக்குருவியும் தின்று, விதையை ஊரெல்லாம் போடும். பழத்தைப் பிசைந்து கழுவி, நிழலில் உலர்த்தி, இரண்டு மாதம் விட்டு விதைக்கிறேன். உடனே போட்டால் விதை தூங்கும். ஒன்றரை மாதத்தில் முளைப்பதும் உண்டு, மூன்று மாதம் காத்திருக்க வைப்பதும் உண்டு. நாலு இலை வந்ததும் பைக்கு மாற்றி, பொன்னாங்காணித் தண்டு ஒன்றைப் பக்கத்தில் குத்திவிடுவேன்.

இனி, பணத்தின் கதை. மூன்று வருடத்துக்கு முன்னர் ஒரு சுழல்காற்றில், 2012இல் வைத்து நின்ற நாலில் ஒன்று அடியோடு சாய்ந்தது. பத்து வயது மரம், என் தொடைப் பருமன். கிராம சேவையாளரிடம் சொல்லிவிட்டு, வளவுக்குள் வைத்தே துண்டு போட்டோம். வெட்டுமுகத்தில் மூக்கை வைத்தேன். ஒன்றுமில்லை. பச்சைமர வாடைதான். மேலே எந்தத் துண்டைப் பார்த்தாலும் வெள்ளை வெளேரென்று, மணமே இல்லை. மனம் விட்டுப்போனது. கடைசியாக அடிமரத்தை, வேர் தொடங்குகிற இடத்தில் அறுத்தபோது, நடுவே விரல் பருமனில் ஒரு மண்ணிற வட்டம் தெரிந்தது. அறுத்த தூளை உள்ளங்கையில் எடுத்து ஊதினேன். அம்மம்மாவின் தகரப் பேணி திறந்ததுபோல் இருந்தது.

அந்த வட்டம்தான் வைரம், மரத்தின் முற்றிய நடுப்பகுதி. சந்தனத்தின் எண்ணெய் முழுதும் வைரத்திலும் வேரிலும்தான் இருக்கிறது. வெளிவெள்ளைக்கு மணமில்லை. வைரம் பிடிக்கத் தொடங்கவே பத்து வருடம் அளவில் செல்லும். விலைபோகிற அளவுக்குத் தேற அதற்கு மேல் இன்னும் பதினைந்து, இருபது வருடம் வேண்டும். வேரில் எண்ணெய் அதிகம் என்பதால்தான் இந்தியாவில் சந்தனத்தை வெட்டாமல் தோண்டிச் சாய்க்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் கோடி ரூபாய் என்று யாராவது வழவழப்பான தாளில் அச்சடித்துக் கொண்டுவந்தால், அந்த வட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். என் தம்பி ஒருவன் அப்படி ஒரு முகவரிடம் பணம் கட்டினான். காணியைப் பார்க்க என்னையும் கூட்டிப்போனான். சந்தனக் கன்றுகள் நேர்கோட்டில் நின்றன. இடையில் ஒரு புல்லில்லை, ஒரு துணைமரமில்லை. நிலம் கூட்டி வைத்த முற்றம்போல் இருந்தது. என் மூன்று கன்றுகளும் கண்ணுக்கு முன் வந்தன. "தம்பி, இது நிற்காது" என்றேன். அவன் கோபித்துக்கொண்டான். இரண்டு வருடத்தில் கன்றும் இல்லை, தொலைபேசியை எடுக்க ஆளும் இல்லை. ஆஸ்திரேலியாவின் வடமேற்கே குனுனுராவில் பெருந்தோட்டமாக இதே இந்தியச் சந்தனத்தை நட்டவர்கள்கூடத் துணைமரங்களைக் கணக்குப் பார்த்துக் கலந்துதான் நட்டார்கள். பணம் கொடுக்குமுன் துணைமரம் எது என்று கேளுங்கள். காணி யார் பெயரில் இருக்கிறது, நாளை மரத்தை வெட்ட அனுமதி யார் எடுப்பது என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

அனுமதி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சொந்த வளவில் நட்டதுதானே என்று சந்தனத்தை வெட்டி லொறியில் ஏற்றிவிட முடியாது. நடுகிறபோதே கிராம சேவையாளருக்குத் தெரியப்படுத்திக் கடிதப் பிரதி ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது. வெட்டுவதற்கு முன்னர் வன இலாகாவில் கேட்டு, மரம் கொண்டுசெல்லும் பத்திரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். மைசூரில் 1792இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசுக்குரிய மரமாக்கினார். அந்த வழக்கம் நீண்டு, தமிழ்நாட்டில் 2002 வரை ஒருவரின் காணியில் முளைத்த சந்தனமும் அரசுக்கே சொந்தமாக இருந்தது. தனக்கு உரிமையில்லாத மரத்தை எந்தக் குடியானவன் பார்த்துப் பார்த்து வளர்ப்பான்? களவுக்காரர் வெட்டினது போக, முளைத்ததை வேலிக்குள் காப்பாற்றவும் ஆளில்லாமல் போனது. உலகெங்கும் அருகிவரும் மரங்களின் பட்டியலில் சந்தனம் இன்று நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

சாய்ந்த மரத்தின் வைரத்துண்டு ஒன்றைக் காத்தான்குடியில் அத்தர் விற்கிற நானா ஒருவரிடம் காட்டினேன். என் கணவருக்கு நீண்டநாள் பழக்கம். கண்ணை மூடி மோந்துவிட்டு, "பிஞ்சுதான் தங்கச்சி, ஆனால் அசல்" என்றார். வைரத்தைத் தூளாக்கி, நீராவியில் இரண்டு மூன்று நாள் விடாமல் வடித்தால்தான் எண்ணெய் முழுதாக இறங்கும் என்றார். வடநாட்டுக் கன்னோஜில் ரோசாப்பூவையும் மல்லிகையையும் வடிக்கும்போது கீழே சந்தன எண்ணெயை வைத்துத்தான் அந்த மணத்தைப் பிடித்து வைப்பார்களாம். பூவின் மணம் பறந்துபோகிறது; சந்தனம் அதைப் போகவிடாமல் பிடித்துக்கொள்கிறது. சந்தலோல் என்ற பொருள்தான் இதற்குக் காரணம். அசல் எண்ணெயின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். சின்னக் குப்பியில் மலிவாகக் கிடைப்பது எதுவும் அசலாக இருக்க வழியில்லை என்று அவரே சொன்னார், விற்கிறவராக இருந்தும்.

பெயர்க் குழப்பத்திலும் பலர் பணம் இழக்கிறார்கள். செஞ்சந்தனம் வேறு மரம். ஆந்திராவின் மலைகளுக்குரியது, ஒரு காம்பில் பெரும்பாலும் மூன்று இலை. கட்டை சிவப்பாக இருக்கும், மணக்காது. சாயத்துக்கும் வைத்தியத்துக்கும் ஆகும். இன்னும் சிலர் மஞ்சாடிக் கன்றைச் சந்தனம் என்று தலையில் கட்டுகிறார்கள். மஞ்சாடி இலை புளியிலைபோல் சிறகுசிறகாக இருக்கும். சந்தனத்துக்கு ஒரு காம்புக்கு ஓர் இலைதான். கன்று வாங்கும்போது இதை மட்டும் பார்த்தாலே பாதி ஏமாற்றம் தவிரும்.

கடைச் சந்தனத்தூளைக் குழந்தைக்குப் பூசுமுன் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். பளிச்சென்ற மஞ்சளும், மூக்கை அடைக்கிற மணமும் சாயமும் வாசனையும் கலந்ததற்கு அடையாளம். அசல் சந்தனமே சிலர் தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் தடிப்பதுண்டு. எண்ணெயை வீட்டு வைத்தியமாகக் குடிக்கிற வேலையே வேண்டாம்.

பத்து வயது மரத்தின் அந்த விரல் பருமன் வைரத்தைச் சுற்றியிருந்த வெள்ளையைச் செதுக்கி எடுத்து, ஒரு வருடம் நிழலில் உலர்த்தினேன். போன வைகாசியில் இளைய மகள் அதை அம்மம்மாவின் கல்லில் இழைத்தாள். கட்டை மெலிது, பிடி கிடைக்காமல் விரல் நோகிறது என்றாள். நாலு பேர் மாறி மாறி இழைத்தும் சிரட்டையின் அடிதான் நனைந்தது. அதைத்தான் குளிர்த்திக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பூசகர் வாங்கி மோந்து பார்த்து, "இது எங்கே வாங்கியது?" என்று கேட்டார். வளவைக் கை காட்டினேன்.

இந்த ஐப்பசிக்கு முப்பத்திரண்டு கன்றுகள் கொட்டிலுக்குப் பக்கத்தில் பையில் நிற்கின்றன. ஊருக்குள் கேட்டவர்களுக்குத்தான். மேட்டு நிலமும் ஒரு கிளிசரிடியா வேலியும் இருந்தால் வந்து எடுத்துப் போகலாம். ஒவ்வொரு பையிலும் பொன்னாங்காணி செழித்து நிற்கிறது. கொடுக்கும்போது அதைத் தொட்டுக் காட்டித்தான் கொடுக்கிறேன்.